சென்னையில் இருந்துகொண்டு சொந்த ஊரை எழுப்புவது: படிப்படியான முழு வழிகாட்டி

தாம்பரத்திலோ அம்பத்தூரிலோ குடியிருந்து, பொங்கலுக்கு ஊருக்குப் போய், கடைத்தெருவில் பாதிக் கடைகள் பூட்டிக் கிடப்பதைப் பார்த்து மனம் கலங்கித் திரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் ஊர் ராமநாதபுரம் மாவட்டத்தில் உள்ள ஒரு சிறிய பேரூராட்சி. சென்னையில் வாழும் ஊர்க்காரர்கள் சேர்ந்து நான்கு ஆண்டுகளாக அதற்காக வேலை செய்கிறோம். வேறு ஊர்க்காரர்கள் சிலருக்கும் துணை நின்றிருக்கிறேன்.

எல்லோரும் தடுக்கி விழுவது வேலையின் வரிசையில்தான். பணம் திரட்டுவது எட்டாவது படி. நாங்கள் அதை முதலில் செய்தோம். இரண்டே மாதத்தில் 2 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய் சேர்ந்தது. அதில் ஒரு கணினிப் பயிற்சி மையம் திறந்தோம். ஏழாவது மாதம் மூடினோம். அது வேண்டும் என்று ஊரில் யாரும் கேட்கவில்லை. அதை நடத்தச் சம்பளத்துக்கு ஆளும் இல்லை. கீழே உள்ள வரிசை அந்த இழப்பில் கற்றுக்கொண்டது.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஊரிலேயே குடியிருக்கும் மூன்று பேர் வேண்டும். அதில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். ஒருவர் ஏதேனும் ஒரு கடையோ தொழிலோ நடத்துபவராக இருக்க வேண்டும். இந்த மூவர் கிடைக்காவிட்டால் வேலையைத் தொடங்காதீர்கள், தேடிக்கொண்டே இருங்கள். சென்னையில் இருந்து தொலைபேசியில் நடத்தும் எதுவும் ஊரில் நிற்காது.

அடுத்து, முதல் ஆண்டு முழுவதும் எந்தத் திறப்பு விழாவும் இருக்காது என்பதற்கு உங்கள் குழு ஒப்புக்கொள்ள வேண்டும். பயணச் செலவை அவரவர் ஏற்க வேண்டும். ஒரு தடித்த நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

1. உங்கள் ஊர் யாருடைய நிர்வாகத்தில் இருக்கிறது என்று பாருங்கள்

சொந்த ஊர் கிராம ஊராட்சியா, பேரூராட்சியா என்பதைச் சரியாகத் தெரியாமல் பலர் பேச வருகிறார்கள். இது தெரியாவிட்டால் தவறான கதவைத் தட்டிக்கொண்டே ஓராண்டு போய்விடும்.

கிராம ஊராட்சி என்றால் கிராம சபை உண்டு. தமிழ்நாட்டில் அது ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பேரூராட்சிக்குக் கிராம சபை கிடையாது. அங்கே வார்டு குழுவும் பகுதி சபையும்தான் வழி. அவற்றுக்கான விதிகள் 2022இல்தான் வந்தன. மக்கள் 100 நாள் வேலை என்று சொல்லும் ஊரக வேலைத் திட்டமும் ஊராட்சிகளுக்கு உரியது. பேரூராட்சியில் இருந்துகொண்டு அந்த ஆட்களை வைத்துக் கண்மாய் தூர்வாரலாம் என்று கணக்குப் போட்டால் ஏமாற்றம்தான்.

கண்மாயிலும் இதே கவனம் வேண்டும். பொதுவாக 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) உள்ள கண்மாய் நீர்வளத் துறையிடம் இருக்கும். அதற்குக் குறைவானது ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. மனு எழுதும் முன் இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டால், ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு அலைவது மிச்சமாகும்.

2. சென்னையில் ஐந்து பேர் குழு அமையுங்கள்

முந்நூறு பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழு வேலை செய்யும் குழு ஆகாது. அது செய்தி சொல்லும் இடம். வேலைக்கு ஐந்து பேர் போதும்: கணக்கு எழுத ஒருவர், அரசு அலுவலகங்களுக்கு நடக்க ஒருவர், விற்பனைக்கு இருவர், மாதம் ஒருமுறை ஊருக்குப் போய்வர ஒருவர்.

இந்த இடத்தில் ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். சென்னையில் ஊர் சங்கம் என்ற பெயரில் இயங்கும் பலவும் ஒரு சாதியின் சங்கமாகவோ ஒரு கோயில் வரிதாரர்களின் சங்கமாகவோ இருக்கின்றன. அந்தக் குழுவை அப்படியே எடுத்துக்கொண்டு "ஊரை மீட்கிறோம்" என்று இறங்கினால் ஊரில் பாதிப் பேர் முதல் நாளே ஒதுங்கிவிடுவார்கள். காலனித் தெருவில் இருந்து வந்து சென்னையில் வேலை செய்பவர்களும் இருக்கிறார்கள், தேடினால் கிடைப்பார்கள். ஐந்தில் குறைந்தது இரண்டு இடம் அவர்களுக்கும் பெண்களுக்கும் போகட்டும். எண்ணெய் வாங்குவதும் மிளகாய் பறிப்பதும் எல்லாத் தெருக்காரர்களும்தான். அவர்கள் இல்லாமல் எந்தக் கணக்கும் சரியாக வராது.

3. திருவிழா இல்லாத வாரத்தில் மூன்று நாள் தங்குங்கள்

பொங்கலிலும் பங்குனி உத்திரத்திலும் நீங்கள் பார்ப்பது ஊரின் விருந்தாளி முகம். அந்த நாட்களில் எல்லாக் கடையிலும் கூட்டம் இருக்கும். ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை போய்ப் பாருங்கள்.

நோட்டில் எண்ணிக்கையாக எழுதுங்கள். கடைத்தெருவில் மொத்தம் எத்தனை கடை, எத்தனை பூட்டியிருக்கிறது, பூட்டியவை என்ன கடையாக இருந்தன. காலை முதல் பஸ்ஸில் எத்தனை பேர் வெளியூர் போகிறார்கள், எதற்குப் போகிறார்கள். வாரச் சந்தையில் எத்தனை வியாபாரி, அதில் உள்ளூர்க்காரர் எத்தனை பேர். அரிசி ஆலை, மாவு மில், செக்கு, தறி, சூளை எதெல்லாம் ஓடுகிறது, வாரத்தில் எத்தனை நாள்.

எங்கள் ஊரில் காலை 6.40 பஸ்ஸில் ஏறிய 31 பேரில் 9 பேர் மருத்துவமனைக்கும் 14 பேர் வேலைக்கும் போனார்கள். மீதி 8 பேர் வேறு ஊர்க் கடைகளில் பொருள் வாங்கப் போனவர்கள். அந்த எட்டுப் பேரிடம் பேசியதுதான் எங்களுக்கு முதல் தெளிவைத் தந்தது.

4. ஊரை விட்டு வெளியே போகும் பணத்தைக் கணக்கிடுங்கள்

இதுதான் முழு வேலையின் அச்சாணி. இதற்கு மட்டும் இரண்டு மாதம் ஒதுக்குங்கள்.

சென்னைக்கு அருகே திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கும் குத்தம்பாக்கத்தில், 1996இல் ஊராட்சித் தலைவரான இளங்கோ இந்தக் கோணத்தைத்தான் வலியுறுத்தி வந்தார்: ஊர் மக்கள் என்ன வாங்கித் தின்கிறார்கள், உடுத்துகிறார்கள் என்று முதலில் பார்; அதில் எதை ஊருக்குள்ளும் பக்கத்து ஊர்களிலும் செய்ய முடியும் என்று பிறகு பார். ஏற்றுமதியும் இணைய விற்பனையும் அதற்குப் பிறகுதான்.

எப்படிச் செய்வது? எல்லாத் தெருவிலும் இருந்து 40 வீடுகளைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சிறு நோட்டு கொடுத்து, ஒரு மாதம் வாங்கியதை எழுதச் சொல்லுங்கள். "மாதம் எவ்வளவு செலவாகும்?" என்று வாயால் கேட்டால் வரும் பதில் உண்மைக்குத் தூரமாக இருக்கும். மளிகைக் கடைக்காரரிடமும் தனியாகப் பேசுங்கள். வாரத்துக்கு எத்தனை பெட்டி எண்ணெய், எத்தனை கட்டு அப்பளம், எத்தனை பாக்கெட் மசாலா இறங்குகிறது என்பது அவருக்கு மனப்பாடம்.

பிறகு ஒரு பொருளை எடுத்துக் கழிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். புதியவர்கள் எல்லோரும் பெருக்குகிறார்கள்; கழிப்பதில்லை. எங்கள் எண்ணெய்க் கணக்கை அப்படியே தருகிறேன்.

ஊரில் 1,200 வீடு. வீட்டுக்கு மாதம் சராசரி 3 லிட்டர் எண்ணெய். மொத்தம் 3,600 லிட்டர். இதைப் பார்த்ததும் குழுவில் ஒருவர் பெரிய எண்ணெய் ஆலைக்கே திட்டம் எழுதிவிட்டார். ஆனால் ரேஷன் கடையில் அட்டைக்கு மாதம் ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதனோடு யாரும் போட்டி போட முடியாது, போடவும் கூடாது. அந்த 1,200 லிட்டரைக் கழித்தால் மிச்சம் 2,400. செக்கு எண்ணெய் விலை கொடுத்து வாங்குவீர்களா என்று அதே 40 வீட்டில் கேட்டோம். 11 வீடு சரி என்றது. அந்த விகிதத்தில் 660 லிட்டர். சரி என்று சொன்னவர்களில் பாதிப் பேர்தான் உண்மையில் வாங்குவார்கள் என்று வைத்துக்கொண்டோம். 330 லிட்டர்.

ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு இரண்டே கால் முதல் இரண்டரை கிலோ வரை நிலக்கடலைப் பருப்பு வேண்டும். இரண்டரை கிலோ என்றே வைத்தால் 330 லிட்டருக்கு 825 கிலோ. மாதம் 25 நாள் ஓடினால் நாளைக்கு 33 கிலோ. ஒரு தடவைக்கு 15 கிலோ போடும் செக்கில் இரண்டு மூன்று தடவை ஆட்டினால் முடிந்துவிடும். அதாவது ஊரில் ஏற்கெனவே வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் ஓடிக்கொண்டிருந்த ஒரு செக்கு, வாரத்துக்கு ஆறு நாள் ஓடினாலே போதும். புது ஆலை தேவையில்லை. பிண்ணாக்கு ஊர் மாடுகளுக்கே போகும், அதற்குத் தனிச் சந்தை தேட வேண்டியதில்லை.

இப்படிப் பத்துப் பொருளுக்குக் கழித்துப் பாருங்கள். எங்களுக்கு மூன்றுதான் தேறியது: எண்ணெய், மசாலாப் பொடி, பள்ளிச் சீருடைத் தையல். சோப்பும் பிஸ்கட்டும் தேறவில்லை. தேறாததை வருத்தப்படாமல் விட்டுவிடுங்கள்.

5. இன்னும் மூச்சுவிடும் தொழிலைத் தேடிப் பிடியுங்கள்

புதுத் தொழிலுக்கு இடம், இயந்திரம், கைப்பழக்கம், வாடிக்கையாளர் நான்கும் ஒரே நேரத்தில் வேண்டும். பாதி உயிரோடு இருக்கும் தொழிலில் முதல் மூன்று ஏற்கெனவே இருக்கும். அதனால்தான் செக்குக்காரரிடம் போனோம்.

அவரிடம் "என்ன உதவி வேண்டும்?" என்று கேட்கக் கூடாது. கேட்டால் கடன் அடைக்கப் பணம் வேண்டும் என்பார், அது இயல்பு. "ஆறு நாள் ஓட்டாமல் இருக்க என்ன காரணம்?" என்று கேளுங்கள். அவர் சொன்ன காரணம் எங்களுக்கு எதிர்பாராதது: நிலக்கடலைப் பருப்பை மூட்டையாக வாங்கக் கையில் முதல் இல்லை, ஆகவே கூலிக்கு ஆட்டுவதோடு நிறுத்திவிட்டார். தேவைப்பட்டது இரண்டு மூட்டைப் பருப்புக்கான சுழல் முதல். அதை ஊரில் இருந்த இரண்டு மகளிர் குழுக்கள் சேர்ந்து கொடுத்தன. எண்ணெய் விற்பனையில் லிட்டருக்கு இவ்வளவு என்று பங்கும் பேசிக்கொண்டன. சென்னைக் குழு ஒரு ரூபாய்கூடப் போடவில்லை.

6. ஊர்க்கூட்டத்தை அவர்கள் நேரத்தில், அவர்கள் இடத்தில் வையுங்கள்

கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டால் சிலர் வாசலிலேயே நின்றுவிடுவார்கள். அரசுப் பள்ளிக் கட்டடத்தைக் கேட்டு வாங்குங்கள். அங்கே எல்லோரும் உட்காரலாம். மாலை ஏழு மணிக்கு வைத்தால் ஆண்கள் மட்டும் வருவார்கள். பெண்களுக்கு எந்த நேரம் தோது என்று குழுத்தலைவிகளிடம் கேட்டு வையுங்கள்.

சென்னையில் இருந்து போனவர்கள் கடைசி வரிசையில் உட்கார வேண்டும். நோட்டில் எழுதிய எண்களை ஊர்க்காரர் ஒருவர் படிக்கட்டும். எங்கள் கூட்டத்தில் மளிகைக் கடைக்காரர் எழுந்து, "என் வியாபாரத்தைக் கெடுக்கவா இது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. உள்ளூர் எண்ணெயை அவர் கடையிலேயே விற்பது, வெளியூர்ப் பாக்கெட்டில் கிடைத்த லாபத்துக்குக் குறையாமல் அவருக்குக் கிடைப்பது என்று அங்கேயே முடிவானது. இருக்கும் கடைக்காரரைத் தாண்டிக்கொண்டு தனிக் கடை போடுவது நான் பார்த்த ஊர்களில் எல்லாம் சண்டையில்தான் முடிந்திருக்கிறது.

7. பதிவு: பொதுப்பணி தனி, வியாபாரம் தனி

இரண்டையும் ஒரே பெயரில் பதிந்து சிக்கிக்கொள்பவர்கள் அதிகம். நன்கொடை வாங்கிக் குளம், பள்ளி என்று பொதுப்பணி செய்யத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன் கீழ் சங்கம் பதியலாம். குறைந்தது ஏழு பேர் வேண்டும். பதிந்ததோடு வேலை முடியாது, ஆண்டுதோறும் கணக்கும் நிர்வாகிகள் பட்டியலும் மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். இதை மறந்து சங்கத்தை முடக்கிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

லாபம் பங்கிடும் வேலைக்கு வேறு அமைப்பு. விவசாயிகள் சேர்ந்து விற்பதென்றால் உற்பத்தியாளர் நிறுவனம் பொருந்தும்: குறைந்தது பத்து உற்பத்தியாளர்கள், ஐந்து இயக்குநர்கள், ஆளுக்கு ஒரு ஓட்டு. ஆனால் முதல் ஆண்டிலேயே அதற்குப் போகாதீர்கள். விற்பனை நிலைக்கும் முன் நிறுவனம் பதிந்தால் கணக்காளர் செலவே வருமானத்தைத் தின்றுவிடும். அதுவரை மகளிர் குழுவின் பெயரிலோ தனிநபர் தொழிலாகவோ நடக்கட்டும்.

வெளிநாட்டுப் பணத்தில் மிகுந்த கவனம் தேவை. சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருக்கும் ஊர்க்காரர் ஆசையோடு அனுப்புவார். அவர் இன்னும் இந்தியக் குடிமகனாக இருந்து, தன் சேமிப்பில் இருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால் ஆகும். அதைப் பெற மத்திய அரசின் தனி அனுமதி வேண்டும். "நம்ம பையன்தானே" என்று வாங்கிப் போட்டுவிட்டுப் பின்னால் நோட்டீஸுக்குப் பதில் எழுதுவது கொடுமை. பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

8. இப்போதுதான் பணம்

பொதுப்பணிகளுக்கு அரசின் நமக்கு நாமே திட்டம் இருக்கிறது. பொதுவாக மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் செலுத்தினால் மீதியை அரசு சேர்க்கும். சென்னைக்காரர்களின் நன்கொடைக்கு இதுவே நல்ல இடம், ஒரு ரூபாய் மூன்று ரூபாய் வேலையாகும். ஊரார் பங்கும் அதில் கட்டாயம் இருக்கட்டும், வீட்டுக்கு 50 ரூபாயாக இருந்தாலும் சரி. பணம் போட்டவர் வேலையின் தரத்தைக் கேள்வி கேட்பார்.

தொழில் கடனுக்கு மாவட்டத் தொழில் மையத்துக்குப் போகுமுன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். "35 சதவீத மானியம்" என்று கேட்டதும் அது கையில் வரும் பணம் என்று நினைத்து, கடனையும் கூட்டிக் கேட்டுவிடுகிறார்கள். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டம் போன்றவற்றில் மானியம் வங்கியில் மூன்று ஆண்டுகள் வைப்பாகவே இருக்கும். அதன் பிறகுதான் கடனில் கழியும். அதுவரை தவணையைக் கட்ட விற்பனை இருக்க வேண்டும். ஆகவே நான்காம் படியின் கணக்கு இல்லாமல் கடன் மனு எழுதவே கூடாது.

9. சென்னையில் விற்பது

ஊருக்குள் ஆறு மாதம் விற்ற பிறகு மட்டும் இந்தப் படி. பக்கத்து வீட்டுக்காரர் திரும்ப வாங்காத பொடியை வேளச்சேரிக்காரர் மட்டும் ஏன் திரும்ப வாங்க வேண்டும்?

எங்கள் பக்கத்துப் பொருள் முண்டு மிளகாய் வற்றல். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அறுவடை மாசி முதல் சித்திரை வரை. அந்த நேரத்தில் வாங்கித் தார்ப்பாயில் காய வைக்க வேண்டும். மண்ணில் காய வைத்தால் தூசியும் கல்லும் சேரும், சென்னையில் ஒருமுறை பல்லில் கல் கடிபட்டவர் மறுமுறை வாங்க மாட்டார். முதல் ஆண்டு 60 கிலோவைச் சாக்கிலேயே கட்டி ஐப்பசி வரை ஒரு வீட்டு மாடியில் வைத்திருந்தோம். அடைமழையில் பூஞ்சணம் பிடித்து 22 கிலோவைக் குப்பையில் கொட்டினோம். இப்போது சரக்கு ஊரிலேயே காற்றுப் புகாத டின்களில் இருக்கிறது. சென்னைக்கு இரண்டு வாரத் தேவை மட்டும் வருகிறது. தென்மாவட்ட பஸ்கள் வந்து நிற்கும் கிளாம்பாக்கத்தில் இறக்கி எடுக்கிறோம். தாம்பரம் பக்கம் இருப்பவரே பொறுப்பேற்பது நல்லது. வடசென்னையில் இருந்து ஒவ்வொரு முறையும் வந்து எடுப்பவர் மூன்றாம் மாதம் சலித்துவிடுவார்.

உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு எண், எடை, தயாரித்த நாள், முகவரி, அதிகபட்ச விலை ஆகியவை லேபிளில் இல்லாமல் ஒரு பாக்கெட்கூட விற்காதீர்கள். 100 கிராம், 250 கிராம் என்று சிறிதாகப் போடுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அடுக்குமாடிக் குடியிருப்பு வாசலில் மேசை போட அனுமதி கேட்கலாம். மகளிர் குழுக்களுக்கு நுங்கம்பாக்கம் வள்ளுவர் கோட்டம் சாலையில் உள்ள அன்னை தெரசா மகளிர் வளாகத்தில் நடக்கும் விற்பனைக் கண்காட்சிகள் நல்ல தொடக்கம். ஊரில் இருக்கும் குழு, மாவட்ட மகளிர் திட்ட அலுவலகம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும்.

முதல் மாத விற்பனையை நம்பாதீர்கள். அது ஊர்ப் பாசம். எங்களுக்கு முதல் மாதம் 140 பேர் வாங்கினார்கள், நான்காம் மாதம் 38 பேர். அந்த 38 பேரை வைத்துத்தான் உற்பத்தியைத் திட்டமிட்டோம். அவர்களில் 25 பேர் எங்கள் ஊர்க்காரர்களே அல்லர்.

சரக்குக்கான பணம் ஊருக்கு ஏழு நாளில் போய்ச் சேர வேண்டும். விற்ற பிறகு தருகிறோம் என்று சென்னையில் தேக்கினால் அங்கே அடுத்த வாரம் மிளகாய் வாங்க முதல் இருக்காது. பாக்கெட் போடும் பெண்களுக்கும் கணக்கு எழுதும் இளைஞருக்கும் முதல் நாளில் இருந்தே கூலி உண்டு. விலை வைக்கும்போதே அதைச் சேர்த்துவிடுங்கள். சேவை என்று சொல்லி அவர்கள் உழைப்பை இலவசமாக எடுப்பது அநியாயம். அவர்கள் திருப்பூருக்கோ சென்னைக்கோ வேலைக்குப் போய்விடுவார்கள்.

10. ஓராண்டு கழித்து அதே நோட்டோடு போங்கள்

அதே மாதம், அதே கிழமை, அதே மூன்று நாள். பூட்டிய கடைகளை மறுபடி எண்ணுங்கள். 6.40 பஸ்ஸில் ஏறுகிறவர்களை மறுபடி கேளுங்கள். செக்கு எத்தனை நாள் ஓடுகிறது, மளிகைக் கடையில் வெளியூர் எண்ணெய்ப் பெட்டி எத்தனை குறைந்தது, கூலி வாங்கும் பெண்கள் எத்தனை பேர் என்று எழுதுங்கள். எங்களுக்கு முதல் ஆண்டு முடிவில் பூட்டிய கடை 17இல் திறந்தது ஒன்றே ஒன்று, தையல் கடை. பஸ்ஸில் பொருள் வாங்கப் போனவர்கள் எட்டில் இருந்து ஐந்து ஆனார்கள். இரண்டாம் ஆண்டுக்கான பொருளை அந்த ஐந்து பேரிடம் கேட்டுத்தான் தேர்ந்தெடுத்தோம்.